தோற்றவருக்கும் ஒரு நாற்காலி

தலைப்பு: மக்களாட்சியை வாழவைப்பது வென்றவரின் பலமா? தோற்றவரின் குரலா?
('தோற்றவரின் குரலே' என்ற அணியில் ஆற்றிய உரை)

    

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். "ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவனுக்குத்தான் கோப்பை. இரண்டாவது வந்தவன் பேரு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. தம்பி, ஓட்டப்பந்தயம் முடிந்ததும் ஓடினவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. தேர்தல் முடிந்தால் ஜெயிச்சவரும் தோத்தவரும், இவருக்கு ஓட்டுப் போட்டவரும் அவருக்கு ஓட்டுப் போட்டவரும் ஒரே ஊரில்தான் குடியிருக்கணும். ஒரே கடையில்தான் பருப்பு வாங்கணும். அங்கேதான் சிக்கலே ஆரம்பம்.

அதனால் தோத்தவனைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு நடுவர் அவர்களே. எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம் ஆகுது. (சிரிப்பு) வீட்டில் இதுவரைக்கும் ஒரு தீர்மானத்தையும் நான் நிறைவேற்றினது இல்லை. ஆனாலும் மூணு வேளையும் எனக்கு இலை போடறாங்க. அந்த ஒரு காரணத்தால்தான் குடும்பம் ஓடுது. (கைதட்டல்)

எதிரணியில் பெரிய பெரிய நாடுகளாகச் சொன்னாங்க. நான் உங்களை ஒரு சின்ன நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஒரு தீவு. மொரீசியஸ். நீளம் 65 கிலோமீட்டர் இருக்கும், அகலம் 45. ஜனத்தொகை பன்னிரண்டரை லட்சம். அந்தத் தீவில் பூர்வகுடி என்று யாருமே கிடையாது. எல்லோரும் கப்பலில் வந்தவங்க. பிரெஞ்சுக்காரன் வந்தான். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தான். இங்கிலீஷ்காரன் வந்தான். கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு வந்தான். சீனாவிலிருந்து கடை வைக்க வந்தாங்க. நம்ம தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிக்கு முன்னாலேயே, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, கொத்தனாராகவும் தச்சராகவும் அங்கே போயிட்டாங்க. இன்றைக்கும் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கு. தைப்பூசத்துக்கு அரசாங்க விடுமுறை. 1992-ல் நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவராக உட்கார்ந்தவர் வீராசாமி ரிங்காடு. பெயரைக் கேட்டாலே தெரியும், தமிழ் வம்சாவளி.

இப்படி நாலு திசையிலிருந்தும் வந்த ஜனங்களுக்கு ஒரே சபை. அதுக்குப் பேரு தேசிய சட்டமன்றம். நம்ம மாதிரி லோக்சபா, ராஜ்யசபா என்று ரெண்டு கிடையாது. ஒரே அவை, ஐந்து வருஷ ஆயுள். தேர்தலில் நேரடியாக ஜெயிச்சு வருகிறவர்கள் 62 பேர். எப்படி ஜெயிக்கிறாங்க என்பதுதான் சுவாரசியம்.

மொரீசியஸ் தீவில் 20 தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பெயர் இருக்கு, நம்பரும் இருக்கு. ஜனங்க நம்பரைத்தான் சொல்வாங்க. "அவர் நம்பர் ஐந்தில் நிற்கிறார்", "நம்பர் பதினாலு கஷ்டம்" என்று பஸ் ரூட் மாதிரி பேசிக்கொள்வார்கள். ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் இல்லை, மூன்று பேர். ஆக இருபது மூன்று அறுபது. கிழக்கே கடலுக்குள் தள்ளி ரோட்ரிக்ஸ் என்று ஒரு குட்டித் தீவு, அதுக்கு ரெண்டு பேர். மொத்தம் 62.

மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கணும் என்றால் வாக்காளருக்கும் மூன்று ஓட்டு. மூன்றையும் போட்டே ஆகணும். "எனக்கு ஒருத்தரைத்தான் பிடிக்கும், ஒரு ஓட்டுப் போதும்" என்றால் சீட்டு செல்லாது. ரெண்டு போட்டாலும் செல்லாது. நாலு போட்டாலும் செல்லாது. பிடிக்காதவருக்கும் ஒரு ஓட்டுப் போட்டுத்தான் பிடிச்சவரை ஜெயிக்க வைக்க முடியும்! கல்யாணம் ஆனவங்களுக்கு இது சுலபமாகப் புரியும். பெண்ணைப் பிடிச்சா மாமனாரையும் மச்சானையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ளணும். (சிரிப்பு)

இதை யோசித்து வைத்தவர்கள் புத்திசாலிகள். மூன்று இடம் இருப்பதால் கட்சிக்காரர்கள் மூன்று பேரையும் ஒரே சமூகத்தில் நிறுத்த மாட்டாங்க. கலந்து நிறுத்துவாங்க. ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கு. தொழிற்கட்சிக்குச் சாவி சின்னம், இன்னொரு கட்சிக்கு இதயம், இன்னொன்றுக்குச் சூரியன். சூரியன் என்றதும் யாரும் கைதட்ட வேண்டாம், இது வேற ஊர்! (பலத்த சிரிப்பு) ஜனங்க பெரும்பாலும் ஒரே கூட்டணியின் மூணு பேருக்கும் மொத்தமாகப் போட்டுவிடுகிறார்கள். காற்று ஒரு பக்கம் அடித்தால் மூணு சீட்டும் அந்தப் பக்கமே சாயும். தீவு முழுக்க அதே காற்று அடித்தால்?

அடித்திருக்கிறது நடுவர் அவர்களே. மூன்று தடவை. 1982-ல் ஒரு கூட்டணி 60-க்கு 60 ஜெயித்தது. 1995-ல் இன்னொரு கூட்டணி 60-க்கு 60. 2024 நவம்பரில் மறுபடியும் 60-க்கு 60. எதிரணி நண்பர்கள் 'வென்றவரின் பலம், வென்றவரின் பலம்' என்றார்களே, இதை விடப் பலம் என்ன வேணும்?

நடுவில் ஒரு சின்னக் கதை. 1982-ல் தோற்றவர் சிவசாகர் ராம்கூலம். சுதந்திரம் வாங்கித் தந்த பிரதமர். சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ஜெயித்துப் பிரதமரானவர் அனிருத் ஜக்நாத். 1995-ல் அந்த ஜக்நாத் சொந்தத் தொகுதியில் தோற்றார். ஜெயித்துப் பிரதமரானவர் யார்? ராம்கூலத்தின் மகன் நவீன் ராம்கூலம். 2024-ல் பிரதமராக இருந்து சொந்தத் தொகுதியில் தோற்றவர் யார்? ஜக்நாத்தின் மகன் பிரவிந்த் ஜக்நாத். ஜெயித்தவர் மறுபடி ராம்கூலத்தின் மகன். நம்ம வீட்டில் ராத்திரி பார்க்கிற தொடர்கூட இப்படி இழுத்ததில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்தாச்சு. இப்போ கணக்குப் பார்ப்போம். 60-க்கு 60 ஜெயித்தார்களே, நூற்றுக்கு நூறு பேரா ஓட்டுப் போட்டார்கள்? 1982-ல் அந்தக் கூட்டணி வாங்கினது நூற்றுக்கு 64. மிச்சம் 36 பேர் இருக்காங்களே, அவங்களுக்கு எத்தனை இடம்? சைபர். 2024-ல் தோற்ற ஆளும் கூட்டணிக்கு நூற்றில் கால் பங்குக்கும் மேல் ஓட்டு விழுந்தது. நேரடி வெற்றியில் கிடைத்தது சைபர். நாலு வீட்டில் ஒரு வீடு ஓட்டுப் போட்ட கட்சிக்குச் சபையில் உட்கார ஒரு நாற்காலி இல்லை.

அப்படியானால் 2024-ல் அந்தச் சபையில் எழுந்து கேள்வி கேட்டது யார்? எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் வேணுமே? அங்கே அது சும்மா மரியாதைப் பதவி இல்லை. அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிற பதவி. சில பெரிய நியமனங்களுக்கு முன்னால் அவரைக் கலந்து பேசணும். சபை கூடும்போது முன்னறிவிப்புக் கொடுத்து, பிரதமரையோ மந்திரியையோ நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. அந்த நாற்காலியில் 2024-ல் வந்து உட்கார்ந்தவர் ஜோ லெஸ்ஜோங்கார். அவர் தேர்தலில் ஜெயித்தவரா? இல்லை ஐயா. தோற்றவர்!

தோற்றவர் எப்படி உள்ளே வந்தார்? இங்கேதான் என் அணியின் தலைப்பே சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. 62 பேர் ஜெயித்து வந்த பிறகு, அந்த நாட்டுச் சட்டம் இன்னும் எட்டு நாற்காலி வரைக்கும் தனியாக எடுத்து வைக்கிறது. தோற்றவர்களுக்கு! அந்த முறைக்குப் பேரே 'பெஸ்ட் லூசர்'. தோற்றவர்களில் சிறந்தவர். நம்ம ஊரில் ஒருத்தனைப் பார்த்து 'லூசு' என்றால் அடிக்க வருவான். அங்கே 'லூசர்' என்று பட்டம் கொடுத்தால் மாலை போட்டுக்கொண்டு சட்டமன்றத்துக்குப் போகிறான். (பலத்த கைதட்டல்)

எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க, கணக்கு வாத்தியார் மாதிரி சொல்லமாட்டேன். பந்தி பரிமாறுகிற மாதிரி நினைச்சுக்குங்க. நாலு வரிசை. இந்து, முஸ்லிம், சீனர், இந்த மூன்றிலும் சேராத எல்லோருக்கும் 'பொது மக்கள்' என்று நாலாவது வரிசை. இந்த நாலாவதில் ஆப்பிரிக்க வம்சாவளி கிரியோல் மக்களும் உண்டு, வெள்ளைக்கார வம்சாவளியும் உண்டு. எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இலை குறைச்சலாக விழுந்திருக்கு என்று தேர்தல் மேற்பார்வை ஆணையம் பார்க்கும். அந்தச் சமூகத்தின் ஜனத்தொகையை, அதற்கு ஏற்கனவே கிடைத்த இடத்தோடு ஒன்று கூட்டி வகுக்கும். எந்தச் சமூகத்துக்கு விடை பெரிசா வருதோ, அதுக்குத்தான் பசி அதிகம். அந்தச் சமூகத்தில் நின்று தோற்ற கட்சி வேட்பாளர்களில் நல்ல விகிதத்தில் ஓட்டு வாங்கினவருக்கு முதல் இலை. இப்படி நாலு இலை. இதில் கட்சி பார்க்கிறது இல்லை. அடுத்த நாலு இலை, முதல் நாலு இலையால் கட்சிகளுக்குள்ளே கலைந்துபோன விகிதத்தைச் சரிக்கட்ட. ஒரே கூட்டணி வாரிச் சுருட்டிக்கொண்டு போன தேர்தலில் இந்த ரெண்டாவது பந்திக்கு வேலை இல்லாமலும் போகும். 1982-லும் 1995-லும் உள்ளே வந்தது நாலு பேர்தான். 2024-லும் நாலு பேர். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர்தான் எதிர்க்கட்சித் தலைவர்.

எதிரணித் தலைவர் தலையை ஆட்டுகிறார். "ஜனங்க வேண்டாம் என்று தள்ளினவனைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வருவது நியாயமா?" என்று கேட்கப் போகிறார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல 1960-களுக்குப் போகணும்.

அப்போது மொரீசியஸ் இங்கிலீஷ்காரன் கையில் இருந்தது. சுதந்திரம் வரப் போகுது என்றதும் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு. இந்துக்கள் பாதிக்கு மேல். 'நாளைக்கு ஓட்டெடுப்பு என்று வந்தால் நம்ம கதி என்ன?' என்று சின்னச் சமூகங்களுக்கு நடுக்கம். 1965-ல் கலவரம். 1966-ல் தேர்தல் முறையைப் பற்றி யோசனை சொல்ல பேன்வெல் என்பவர் தலைமையில் ஒரு குழு வந்தது. அதன் யோசனை யாருக்கும் முழுசாகப் பிடிக்கவில்லை. சமாதானம் பேச லண்டனிலிருந்து ஜான் ஸ்டோன்ஹவுஸ் என்று ஒரு துணை மந்திரி வந்தார். அவர் பேசி முடித்த ஏற்பாட்டில்தான் இந்த எட்டு நாற்காலி நிலைத்தது. இந்த ஸ்டோன்ஹவுஸ் பற்றி ஒரு வார்த்தை. 1974-ல் இதே மனுஷன் அமெரிக்காவில் ஒரு கடற்கரையில் துணிமணியைக் கழற்றி வைத்துவிட்டு, கடலில் மூழ்கிச் செத்துப்போன மாதிரி நாடகம் ஆடி, ஆஸ்திரேலியாவில் வேறு பெயரில் உயிரோடு பிடிபட்டார்! செத்தவனை எழுப்புகிற வித்தை அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, அதான் தோத்தவனை எழுப்பிட்டுப் போயிருக்கார். (சிரிப்பு)

1967 ஆகஸ்டில் தேர்தல். அது வெறும் தேர்தல் இல்லை, சுதந்திரம் வேணுமா வேண்டாமா என்பதே கேள்வி. வேணும் என்ற கூட்டணிக்கு 39 இடம். வேண்டாம் என்ற கட்சிக்கு 23. ஆனால் ஓட்டுக் கணக்கில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள். நாட்டில் பத்துக்கு நாலு பேர் பயந்துகொண்டிருக்கிறான். அவனை என்ன செய்வது? எட்டு நாற்காலியில் நாலு இவங்களுக்கு, நாலு அவங்களுக்கு என்று பிரிந்தது. 43-க்கு 27. அந்தச் சபைதான் 1968 மார்ச் 12-ல் சுதந்திரக் கொடி ஏற்றியது.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. 2024 தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து, அங்கே தமிழாசிரியர்களுக்கு வகுப்பெடுக்கப் போயிருந்தேன். ரோஸ் ஹில் என்ற ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் விருந்து. பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறினார்கள். நம்ம ரசம் அங்கே 'ரசோன்' ஆகியிருக்கு. பெயர்தான் பிரெஞ்சு, உள்ளே மிளகும் பூண்டும் நம்ம ஊர்தான். நான் வாய்க்கொழுப்பில், "என்ன ஐயா, உங்க ஊரில் தோத்தவனுக்கும் பரிசு கொடுக்கறீங்களாமே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சொன்னார்: "ஐயா, 1968 ஜனவரி. சுதந்திரத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு. நான் பதினைந்து வயசுப் பையன். போர்ட் லூயியில் எங்க தெருவில் எல்லாச் சாதி ஜனமும் கலந்து இருந்தோம். எங்க வீட்டுக்கு இந்தப் பக்கம் கிரியோல் குடும்பம், அந்தப் பக்கம் முஸ்லிம் குடும்பம். கிரியோலுக்கும் முஸ்லிமுக்கும் கலவரம் வெடிச்சது. இங்கிலீஷ் பட்டாளம் வந்து இறங்கிச்சு. ஒரே வாரத்தில் ரெண்டு வீடும் காலி. அவங்க அவங்க ஜனம் இருக்கிற பேட்டைக்குக் கட்டிலையும் பாத்திரத்தையும் வண்டியில் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க அம்மா ரெண்டு வீட்டுத் திண்ணையிலும் மாறி மாறி உட்கார்ந்து அழுதாங்க. அந்த எட்டு நாற்காலி உங்களுக்கு வேடிக்கை. எங்களுக்கு அது, 'நீயும் உள்ளே வா, தெருவில் நிற்காதே' என்று சொல்கிற நாற்காலி."

நடுவர் அவர்களே, அதற்கு அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்வாசல் என்று எதிரணியார் சொன்னால் சொல்லட்டும். முன்வாசலில் கூட்டம் ஒருவனை மிதிக்கும்போது பின்வாசலாவது திறந்திருக்கணும். (கைதட்டல்)

இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு வெற்றிதான். ஆனால் விருந்து அதோடு முடியவில்லை. பெரியவரின் பேத்தி எதிரில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் படிக்கிற பெண். தமிழ் புரியும், பேச வராது. இங்கிலீஷில் சொன்னாள். அவள் அம்மா தமிழ். அப்பா கிரியோல் கிறிஸ்தவர். "தாத்தா, நான் தேர்தலில் நின்றால் வேட்புமனுவில் நான் எந்தச் சமூகம் என்று எழுதணும். எதை எழுதறது?" என்று கேட்டாள்.

எங்கள் அணி இதை மறைக்கக் கூடாது. பெஸ்ட் லூசர் கணக்குப் போடணும் என்றால் ஒவ்வொரு வேட்பாளரும் எந்த வரிசை என்று தெரியணுமே! அதனால் மனுவிலேயே எழுதிக் கொடுக்கணும். தமிழர் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. தமிழரும், தெலுங்கரும், மராட்டியரும் இந்து என்ற கட்டத்துக்குள் போயாக வேண்டும். இந்தப் பெண் மாதிரி இரண்டும் கலந்தவர்களுக்கு? சட்டம் சொல்லுது: ஒருவருடைய வாழும் முறையைப் பார்த்து, இந்த மூன்றில் சேராவிட்டால் பொது மக்கள். அவள் கேட்டாள்: "தைப்பூசத்துக்கு நான் தாத்தாவோடு காவடி பார்க்கப் போறேன். டிசம்பரில் அப்பாவோடு மாதா கோயிலுக்குப் போறேன். எந்த மாசத்தில் வந்து என் வாழும் முறையைப் பார்ப்பாங்க?" (கைதட்டல்)

இன்னொன்றும் சொன்னாள். இந்தக் கணக்குக்கு எடுக்கிற ஜனத்தொகை எந்த வருஷத்து ஜனத்தொகை தெரியுமா? 1972! அதற்கு அப்புறம் அந்த நாட்டுக் குடிக்கணக்கில் சமூகம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், நல்ல எண்ணத்தில். ஆனால் நாற்காலிக் கணக்கு மட்டும் 1972-ஐப் பிடித்துக்கொண்டு நின்றது. 1973-ல் பிறந்தவன் பேரன் எடுத்தாச்சு, அவன் இன்னும் அந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை. பாட்டி காலத்து ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு பேரனுக்கு அரிசி அளக்கிற கதை.

இதை எதிர்த்துச் சண்டை போட்டவர்களும் உண்டு. 2005-ல் ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளர்கள், 'நாங்கள் மொரீசியஸ்காரர்கள், வேறு எதுவும் எழுதமாட்டோம்' என்றார்கள். மனுவைத் தள்ளிவிட்டார்கள். வழக்கு ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு வரைக்கும் போச்சு. 2012-ல் அந்தக் குழு, கட்டாயப்படுத்தி எழுத வைப்பது அவர்கள் தேர்தலில் நிற்கிற உரிமைக்கு விரோதம் என்று சொன்னது. 2014-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். எதற்கு? அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும்! எழுதாதவர் எழுதாமல் நிற்கலாம், ஆனால் தோற்றால் எட்டு நாற்காலியில் பங்கு கிடையாது. 2019-ல் பழையபடி எழுது என்றார்கள்.

இங்கே எதிரணி நண்பர் ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா, உங்க நாற்காலியே ஜனங்களைப் பிரிக்கிறது" என்று சொல்லலாம். பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. பாதிதான். மருந்து கசக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடுமா? 60-க்கு 60 மூன்று தடவை நடந்திருக்கே, அது நோய் இல்லையா? தோற்றவனுக்கு நாற்காலி வேணும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு வழி 'நீ யார் மகன்' என்ற கேள்விதானா? 'உனக்கு எத்தனை பேர் ஓட்டுப் போட்டாங்க' என்று கேட்கக் கூடாதா?

கேட்கலாம் என்று சொன்ன ஒருத்தர் இருக்கிறார். ஆல்பி சாக்ஸ். தென்னாப்பிரிக்க நீதிபதி. நிறவெறி அரசை எதிர்த்ததற்காகக் காரில் குண்டு வைத்தார்கள், 1988-ல். ஒரு கை போச்சு, ஒரு கண்ணில் பார்வை போச்சு. பிரித்து வைப்பதால் என்ன ஆகும் என்று அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவர் தலைமையில் ஒரு குழுவை மொரீசியஸ் அழைத்தது. 2002-ல் அந்தக் குழு சொன்ன யோசனை: இந்த 62 பேர் அப்படியே இருக்கட்டும், கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதத்தைப் பார்த்து இன்னும் 30 பேரைச் சேருங்கள். அப்படிச் செய்திருந்தால் 2024-ல் கால் பங்கு ஓட்டு வாங்கின கூட்டணிக்கு, யாருடைய பிறப்பையும் விசாரிக்காமல், மரியாதையான ஒரு வரிசை கிடைத்திருக்கும். ஆனால் அரசியல் சட்டத்தின் அந்தப் பகுதியை மாற்ற சபையில் முக்கால் பங்கு ஆதரவு வேணும். ஜெயித்தவனிடம் போய், 'அடுத்த தடவை நீ தோற்றால் உனக்கு உதவும், இதைப் போடு' என்றால், எந்த ஜெயித்தவன் தான் தோற்பேன் என்று நினைக்கிறான்? வென்றவரின் பலம் என்கிறீர்களே, அந்தப் பலம் இந்த ஒரு கையெழுத்தைப் போடவில்லையே!

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம் ஐயா.

அந்தப் பெண் கடைசியாகத் தாத்தாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் எனக்குத் தமிழில் சொன்னார். "ஜெயிச்சா நான் மொரீசியஸ்காரி. தோத்துப்போனா மட்டும் நான் யார் வீட்டுப் பெண் என்று பார்ப்பாங்க. இது என்ன தாத்தா?"

பெரியவர் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பார்க்கறதுக்காவது ஒருத்தன் இருக்கானேம்மா. 68-ல் யாரும் பார்க்காமத்தான் அந்த ரெண்டு வீடு காலியாச்சு" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள், தீர்ப்புச் சொல்லு என்கிற மாதிரி. நான் நடுவர் இல்லையே! இலையில் இருந்த ரசோனைக் கையில் அள்ளிக் குடிக்க ஆரம்பித்தேன். (சிரிப்பு)

மணி அடித்துவிட்டது.